கைச்சூடு

அணைத்து வைத்திருந்த ஏசியின் முகத்தில் முப்பத்தாறு என்று எரிந்துகொண்டிருந்தது.

அவன் அறை வாசலிலேயே நின்று அதைப் பார்த்தான். ஏசி ஓடவில்லை. காற்று வரும் மடல் மூடியிருந்தது, உள்ளே விசிறி சுற்றும் சத்தம் இல்லை, வெளிச்சுவரில் மாட்டியிருந்த பெட்டியும் ஊமையாக இருந்தது. அறையின் சூடு எவ்வளவு என்று காட்டும் அந்த எண் மட்டும் பச்சை நிறத்தில் அசையாமல் நின்றது. ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. அவன் அந்தச் சதுரத்துக்குள் வெறுங்காலை வைத்துப் பார்த்தான். தரை சில்லிட்டது. வெயில் வெளிச்சமாக மட்டும் உள்ளே வந்து, தன் சூட்டை எங்கோ விட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது.

"பார்த்துக்கிட்டே நின்னா சரியாயிடுமா?" என்றாள் பின்னால் நின்ற அக்கா.

"எப்ப அணைச்சே?"

"முந்தாநாள். அணைச்சும் குளிரு அடங்கல. ஊர்ல இருக்கறவங்க ஏசியையெல்லாம் பாக்கற, அக்கா வீட்டுக்கு வர்றதுக்கு மட்டும் உனக்குப் பத்து தடவை போன் போடணும். 'புதுசு மாதிரி இருக்குக்கா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்'னு நீதானே கொண்டு வந்து மாட்டினே?"

அவன்தான் மாட்டினான். பழைய சாமான் கடையில் பார்த்து, ஓட்டிப் பார்த்து, துடைத்துக் கொண்டுவந்து இந்தச் சுவரில் ஏற்றினான். இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓடியது.

"சென்சார் போயிருக்கும். ரூம் சூடா இருக்குன்னு தப்பா நெனச்சுக்கிட்டு நிக்காம ஓடியிருக்கும். சுவர், மெத்தை எல்லாம் குளிரைக் குடிச்சு வெச்சிருக்கும். மாத்திட்டாப் போச்சு."

சொல்லும்போதே, சுவர் இரண்டு நாள் குளிரைக் குடித்து வைக்காது என்று அவனுக்குத் தெரிந்தது.

கூடத்தில் சோபாவின் மூலையில் இரண்டு போர்வைகளுக்குள் அக்காவின் மகள் சுருண்டிருந்தாள். அவளை அவன் கூப்பிடுவது வாலு என்று. அவன் வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் முதுகில் ஏறிவிடுபவள், இன்று எழுந்திருக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து வலது கையை மட்டும் வெளியே நீட்டினாள். இறுக்கி மூடியிருந்த சின்ன கை.

"மாமா, இதுக்குள்ள என்ன இருக்கு, சொல்லு?"

"சாக்லேட்டு."

"இல்ல."

"உங்கம்மாவோட மூளை. காணோம்னு தேடிக்கிட்டிருந்தா."

அக்கா அவன் தலையில் தட்டினாள். குழந்தை சிரிக்க முயன்றாள். "எனக்கும் தெரியல மாமா. திறக்க மாட்டேங்குது."

அவன் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலைப் போல இருந்தது. விரலைப் பிரிக்கப் பார்த்தான். ஒரு விரல்கூட அசையவில்லை. ஐந்து வயதுக் குழந்தையின் பிடி இல்லை அது.

"வலது கைதான் முதல்ல," அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள். இவ்வளவு நேரம் குரலில் இருந்த கேலி போய்விட்டிருந்தது. "அப்புறம் முழங்கை. இன்னிக்குக் காலையில தோள். டாக்டருக்கு ஒண்ணும் புரியல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டார். அவங்கப்பா வண்டி எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டிருக்கார். நெஞ்சு வரைக்கும் வந்துட்டா என்னடா பண்றது?"

அவனுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஏணியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான்.

கட்டிலின் தலைமாடு ஏசிக்கு நேர் கீழே இருந்தது. குழந்தை படுக்கும் இடத்தில், தலையணைக்கு மேலே, சுவர்ப் பூச்சில் கைபட்டுக் கைபட்டு மழுங்கிய ஒரு தடம். தூக்கத்தில் கையை மேலே நீட்டிச் சுவரைத் தொட்டுக்கொண்டே படுப்பாள் போலிருக்கிறது. அவன் கட்டிலை நகர்த்தி ஏணியை விரித்து, முதலில் பிளக்கைப் பிடுங்கினான். பச்சை எண் உடனே அணையவில்லை. கண்ணை மூட மனமில்லாதவர்போலக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பிறகுதான் மறைந்தது.

மூடியைக் கழற்றினான். ஈரத் தகரத்தின் வாசனையும், அதற்கு அடியில் மிக லேசாக, வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையின் வாசனையும் வந்தன. போர்டில் இரண்டு சென்சார்களின் இரண்டு ஜோடி ஒயர்கள். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் ஒரே மாதிரி வெள்ளை முனை. ஒன்று காற்றைக் குளிர்விக்கும் காயிலின் குளிரை அறிவது. இன்னொன்று அறையின் சூட்டை அறிவது. மாற்றிச் செருகினால் இயந்திரத்துக்குப் புத்தி பேதலித்துவிடும். நிறம் சொல்லாததைக் கைச்சூடு சொல்லும்; இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலை அது. சென்சாரின் தலையை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, வெள்ளை முனையில் மின்தடை அளக்கும் மீட்டரைத் தொட வேண்டும். சூடு ஏறினால் மீட்டரில் எண் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். சாதாரண அறையில் பத்து காட்டும் சென்சார், கைக்குள் போனால் மெல்ல இறங்கி ஆறுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எந்த ஜோடியில் எண் இறங்குகிறதோ, அதன் தலை உன் கையில் இருக்கிறது.

காயிலின் செம்புக் குழலுக்குள்ளிருந்து ஒரு தலையை உருவி எடுத்துப் பொத்திக்கொண்டான். முதல் ஜோடியில் மீட்டர் பதினான்கு காட்டியது. குளிர்ந்த அறைக்குச் சரியான எண். அவன் கைச்சூடு அதில் ஏற ஏறப் பதின்மூன்று, பதினொன்று, ஒன்பது, ஏழு என்று இறங்கியது. சரி, இது காயில். அடையாளத்துக்கு ஒரு துண்டு டேப் ஒட்டினான்.

மீட்டரை இரண்டாவது ஜோடிக்கு மாற்றினான்.

ஆறு.

யாரும் பிடிக்காமலே ஆறு.

"கெட்டுப்போச்சு," என்று தனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டான். அறைக்குள் அவன் குரல் சுவரில் படாமல் போனது. மீட்டரின் கிளிப்புகளை முனையில் கவ்வவிட்டு, மீட்டரை ஏணியின் கொக்கியில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான். ஆறு புள்ளி ஒன்று. ஆறு. ஆறு புள்ளி ஒன்று. ஆறு. கெட்டுப்போன சென்சார் ஒரே எண்ணில் நின்றுவிடும், அல்லது எதையுமே காட்டாது. இப்படி ஏறி இறங்காது. ஒருவன் மூச்சை இழுத்து விடுகிற நிதானத்தில் ஏறி இறங்காது.

அந்தச் சென்சாரின் தலை எங்கே?

காயிலுக்கு முன்னால், அது இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கொக்கி காலியாக இருந்தது. ஒயர் பக்கவாட்டில் வளைந்து ஏசியின் முதுகுக்குப் பின்னால் போனது. அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. மாட்டிய அன்று இந்த ஒயர் அளவுக்கு மீறி நீளமாக இருந்தது. நடுவில் வேறு ஒயரை முறுக்கிச் சேர்த்து யாரோ நீட்டியிருந்தார்கள். ஓடுகிற மெஷினின் சென்சார் ஒயரை யாரும் வெட்டிக் குறைக்க மாட்டார்கள், ஒட்டு விட்டால் வம்பு. எல்லா மெக்கானிக்கும் செய்வதைத்தான் அவனும் செய்தான். கறுப்பு டேப் சுற்றியிருந்த அந்தப் பந்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், அப்படியே சுவருக்கும் ஏசிக்கும் நடுவில் திணித்துவிட்டான்.

ஏணியிலேயே நின்று பழைய சாமான் கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, அக்கா வீட்டுக்குன்னு ஒரு ஏசி எடுத்தேனே, அது எங்க கழட்டினது?"

"ஏம்பா, கேஸ் இறங்கிடுச்சா?"

"இல்லண்ணே. ரூம் சென்சார் ஒயரை யாரோ நீட்டியிருக்காங்க. கட்டில் வரைக்கும் எட்டற மாதிரி."

அந்தப் பக்கம் தராசுத் தட்டின் சத்தம் கேட்டது.

"அதுவா? ஒரு பெரியவர் தனியா இருந்த வீடு. போய்ச் சேந்துட்டார். பிள்ளைங்க எல்லாம் வெளிநாடு, வர்ற வரைக்கும் வெச்சிருக்கணும்ல? ஐஸ் பெட்டி கிடைக்கல. ரூமையே பெட்டி ஆக்கிட்டாங்க. மாட்டினவன் கெட்டிக்காரன்ப்பா. சுவத்தோட சூடு நமக்கெதுக்கு, அவரோட சூடுதானே கணக்குன்னு, ஒயரை நீட்டி அவர் கையிலேயே குடுத்துட்டான்."

"கையிலயா?"

"ஆமா, விரலை மடக்கி. நழுவி விழாம இருக்கணும்ல?"

"பிள்ளைங்க வந்தாங்களா?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஏசியை எடுத்துக்கிட்டு வந்தேன். அது ஏன் உனக்கு? நல்ல மெஷின்ப்பா. அங்க ஒரு நிமிஷம்கூட நிக்காம ஓடியிருக்கு, தெரியுமா?"

போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். அவன் நிமிர்ந்தபோது மீட்டரில் ஐந்து புள்ளி ஒன்பது. கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அலமாரியில இன்னொரு போர்வை இருக்கு, எடுத்துக் குடுடா. பல்லு கிட்டிக்குது இவளுக்கு."

எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தான். குழந்தையின் உதடு வெளுத்திருந்தது. திரும்பி வந்தான். ஐந்து புள்ளி எட்டு.

"அம்மா, கழுத்துல குளிருது," என்றது கூடத்தில் சின்னக் குரல்.

எண் இறங்கினால் சூடு ஏறுகிறது. எங்கே ஏறுகிறதோ, அங்கே ஏறும் சூடு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க அவனுக்கு நேரம் ஆகவில்லை. ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஒயரை லேசாக இழுத்தான். பந்து எப்போதோ பிரிந்திருந்தது. ஒயர் குழாய்த் துளைக்குள் நேராக, விறைப்பாகப் போயிருந்தது. அந்தத் துளையைப் போட்டதும் அவன்தான். மணிக்கட்டு நுழையும் அகலம், ஒரு சுவரின் கனம், அந்தப் பக்கம் சிமெண்ட் வைத்து அடைத்து, தன் கட்டைவிரலால் அழுத்தி மூடியிருந்தான். அதற்குள் ஒரு அணில் இருக்கக்கூட இடமில்லை.

மறுபடி இழுத்தான்.

ஒயர் திருப்பி இழுத்தது.

கோபமாக இல்லை. தூக்கத்தில் போர்வையை இழுத்துக்கொள்பவர்போல, மெதுவாக, தனக்கு வேண்டிய அளவு மட்டும்.

வெட்டிவிடு, என்றது மனம். பிளேயரை எடுத்து ஒயரை அதன் பற்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினான். மேலுறை நசுங்கியதுதான், கூடத்தில் குழந்தை வீறிட்டாள். "கை! கை! அம்மா, கையை வெட்டறாங்க!" பிளேயர் அவன் கையிலிருந்து நழுவி மெத்தையில் விழுந்தது.

"என்னடா பண்றே உள்ள?" அக்கா கத்தினாள். "இவ மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டுத் துடிக்கிறாடா!"

"ஒண்ணுமில்லக்கா. அவளைத் தூக்கி மடியில வெச்சுக்கோ. உள்ள வராதே."

"எனக்குப் பயமா இருக்குடா."

"உள்ள மட்டும் வராதே."

ஜன்னலின் வெயில் சதுரம் நகர்ந்து சுவரில் ஏறி, மங்கிக்கொண்டிருந்தது. ஏசியின் கீழ்க் கொக்கிகளை விடுவித்து, அதன் அடிப்பாகத்தைச் சுவரிலிருந்து தூக்கி, இடையில் ஒரு மரக்கட்டையைச் செருகினான். கறுப்பாக ஒரு இடைவெளி. அந்த வாசனை இப்போது அங்கிருந்து வந்தது. பூட்டிய அறை. அதற்கு மேலே இன்னொரு வாசனை. அதை அவன் அறிவான். முதுகில் ஏறும்போதெல்லாம் கழுத்தோரம் வரும் வாசனை. வாலுவின் பவுடர்.

வலது கையை உள்ளே விட்டான்.

ஒயரைத் தொட்டான். அதைப் பிடித்துக்கொண்டே விரல்கள் போயின. செம்புக் குழாய். அதன் மேல் சுற்றிய பஞ்சு. துளையின் விளிம்பு, சொரசொரப்பாக. உள்ளே. மணிக்கட்டு வரை. இன்னும் உள்ளே. சுவரின் கனம் முடிந்திருக்க வேண்டும். சிமெண்ட் தட்டுப்பட்டிருக்க வேண்டும். முழங்கை வரை போயிற்று கை.

அங்கே தோல் இருந்தது.

காய்ந்த, மெல்லிய, பெரிய கை. வெதுவெதுப்பாக. காய்ச்சல் சூடு இல்லை, வயதானவரின் சூடு இல்லை. ஓடி விளையாடிவிட்டு வந்த குழந்தையின் சூடு. அந்த முஷ்டிக்குள் ஒயர் போய் முடிந்தது.

அவன் கத்தவில்லை. கத்தினால் அக்கா வருவாள்.

சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தான். நெம்பினான். காய்ந்த குச்சியைப்போல அது மெல்ல நிமிர்ந்தது.

"டேய், ஒரு விரலை விரிச்சுட்டாடா!"

அடுத்த விரல்.

"இன்னொண்ணு! என்ன பண்றேன்னு தெரியல, அதையே பண்ணு!"

நடுவிரல். அது அடம்பிடித்தது. நெற்றியில் வேர்வை அரும்பி அங்கேயே குளிர்ந்தது. நெம்பினான். ஆள்காட்டி விரல். கட்டைவிரல். முஷ்டி திறந்தது. சென்சாரின் தலை நழுவியது. இடது கையால் ஒயரைச் சரசரவென்று வெளியே இழுத்துவிட்டான். வந்துவிட்டது. ஒரு துவரம்பருப்பு அளவுக்குக் கறுப்பான சின்னத் தலை, இடது உள்ளங்கையில்.

வலது கையை எடுக்கப் பார்த்தான்.

திறந்த அந்த விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

"அம்மா, வேர்க்குது. போர்வை வேணாம்." சோபாவிலிருந்து போர்வைகள் தரையில் விழும் சத்தம். அக்கா அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "கை சூடாயிடுச்சுடா! கன்னம் பாரு, சிவந்துடுச்சு! சரி பண்ணிட்டியாடா?"

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை இழுத்தான். அந்தப் பிடியில் பலம் இல்லை. அதுதான் அவனை உறைய வைத்தது. இழுத்ததும் அது விட்டுக்கொடுத்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. போகிறாயா, போ என்பதுபோல. வேறு இடம் இருக்கிறது என்பதுபோல.

"அம்மா," என்றது சின்னக் குரல், "மறுபடி கை மூடிக்குது."

அவன் இழுப்பதை நிறுத்தினான்.

அறையில் வெளிச்சம் கொஞ்சமாக மிச்சமிருந்தது. தெருவில் யாரோ ஒரு பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போனது. எல்லாம் வெகு பக்கத்தில் இருந்தன.

கையை மறுபடி உள்ளே நீட்டினான். அதைத் தேட வேண்டியிருக்கவில்லை.

"இல்ல, திறந்துடுச்சு. மாமா! பாரு, உள்ள ஒண்ணுமே இல்ல! ஏமாந்தியா?" குழந்தை சிரித்தாள். கூடத்தில் சின்னப் பாதங்கள் ஓடின.

"அங்கேயே இரு, மாமா வேலை செய்யறார்," என்றாள் அக்கா. பிறகு அவனை நோக்கி, பழைய கேலிக் குரலில், "போதும்டா, இறங்கி வா. டீ போடறேன். சர்க்கரை தூக்கலாத்தானே?"

"ஆமாக்கா."

"முடிஞ்சுதுல்ல?"

"முடிஞ்சுது. வரேன்."

சமையலறையில் பாத்திரம் வைக்கும் ஓசை கேட்டது. அவன் ஏணியில் நின்றுகொண்டிருந்தான். வலது கையின் விரல் நுனிகள் மரத்தன. மணிக்கட்டு. முழங்கை. அது வலிக்கவில்லை. சட்டைக்குள் யாரோ மெதுவாக ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே வருவதுபோல இருந்தது.

தொழில் பழக்கம். வேறெதுவும் செய்யத் தெரியாததால், இடது உள்ளங்கையில் கிடந்த சென்சாரைப் பொத்திப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தான். முஷ்டிக்குள் போனால் எண் இறங்க வேண்டும்.

பத்து.

பதினொன்று.

தோள்.

பதின்மூன்று. பதினைந்து.

"டேய், டீ ஆறிடும்."

வாய் திறந்தான். குரல் வரவில்லை. மூச்சு மட்டும் வெள்ளையாக வந்தது. பதினெட்டு. சுவருக்குள் அந்தக் கை இன்னும் கொஞ்சம் சூடாகியிருந்தது. இன்னும் கொஞ்சம் மென்மையாகவும். எங்கிருந்தோ வர வேண்டியவர் கடைசியில் வந்துவிட்டார் என்பதுபோல, அவன் விரல்களுக்கு இடையில் தன் விரல்களை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டது.